முழங்காலைத் தேடி வந்த சூடு

உளுந்து மாவைக் கெட்டியாகப் பிசைந்து, வலிக்கிற முழங்காலைச் சுற்றி வரப்புக் கட்டுகிறார்கள். வரப்புக்குள் இளஞ்சூடான தைலத்தை ஊற்றுகிறார்கள். ஆறியதும் பஞ்சால் ஒற்றி எடுத்துவிட்டு, மறுபடி சூடாக்கிய தைலம். அரைமணி, முக்கால்மணி இப்படியே போகிறது. ஜானு வஸ்தி என்று பெயர். கோவையில் மூட்டுத் தேய்மானம் புகுந்த வீடுகளில் விசாரித்தால், இதைச் செய்துகொண்ட அமுச்சியோ அப்பாருவோ சொந்தத்தில் ஒருவராவது அகப்படுவார். மாவாட்டும் கிரைண்டருக்கே புவிசார் குறியீடு வாங்கிய ஊர் இது. அந்த மாவு இட்லித் தட்டுக்குப் போகாமல் முழங்காலுக்குப் போவதை இங்கே யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை.

இந்த வைத்தியம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், "கேரளாவுல இருந்துங்க" என்பார்கள். பயணத்தின் கடைசிக் கட்டத்துக்கு மட்டும் அந்தப் பதில் சரி. வலிக்கிற மூட்டைச் சூட்டில் வைத்து, கையால் தேய்த்து, அதை இத்தனை நாள் என்று கணக்கு வைத்து, காசும் வாங்குகிற ஏற்பாட்டுக்கு மிக நீண்ட வரலாறு உண்டு. அதில் ரோமானியச் சிப்பாய்கள் இருக்கிறார்கள், தண்ணீர் குடிக்க மறுத்த மாடுகள் இருக்கின்றன, லண்டனில் ஹோட்டல் வைத்துத் திவாலான ஒரு பாட்னாக்காரர் இருக்கிறார், காந்தியும் இருக்கிறார்.

ரோமானியர்களிடமிருந்து தொடங்குவதில் ஒரு வசதி, அவர்கள் நமக்கு அந்நியர்கள் இல்லை. கோவையை ஒட்டிய வெள்ளலூரில் மண்ணைத் தோண்டியபோது அகஸ்டஸ், திபேரியஸ் காலத்து வெள்ளிக் காசுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. மேற்குத் தொடர்ச்சி மலை விலகி வழிவிடும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக, முசிறித் துறையிலிருந்து கரூர் வரை நீண்ட பெருவழியில் வந்து சேர்ந்த காசுகள் அவை. சென்னிமலைப் பக்கம் கொடுமணலில் மணிக்கல் பட்டை தீட்டினார்கள். காங்கேயத்துக்கு அருகே படியூரில் பச்சைமணிக் கல் எடுத்தார்கள். இந்தியச் சரக்குக்காக ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் கரைகிறது என்று ரோமில் உட்கார்ந்து மூத்த பிளினி புலம்பியதில், நொய்யல் கரைக்கும் ஒரு பங்கு உண்டு.

அந்தச் சரக்குப் பட்டியலில் நம் கதைக்கு வேண்டிய ஒரு வேர் இருக்கிறது. காஷ்மீர்ப் பக்கத்து மலைகளில் விளையும் கோஷ்டம். சிந்து நதியின் முகத்துவாரத்திலிருந்து அது கப்பலேறியதை எரித்ரேயக் கடல் பயணக் குறிப்பு பதிவு செய்திருக்கிறது. ரோமானியர்கள் அதை வாசனைத் தைலங்களில் சேர்த்தார்கள். அவர்களுக்குக் குளியல் என்பது தண்ணீர் மட்டுமில்லை. உடம்பெல்லாம் எண்ணெய் பூசி, வளைந்த உலோகச் சுரண்டியால் வழித்தெடுத்து, சூடான அறையில் வியர்த்து, பிறகு வெந்நீர்த் தொட்டியில் இறங்குவது. அதே கோஷ்டம் இன்றைக்கும் நம் முழங்காலில் ஊற்றப்படுகிறது. மூட்டு வலிக்குக் கேரள வைத்தியர்கள் எடுத்துத் தருகிற கொட்டஞ்சுக்காதித் தைலத்தின் முதல் சரக்கே அதுதான். கூடவே சுக்கு, வசம்பு, முருங்கை, பூண்டு, தேவதாரு, கடுகு. புளிச்சாறு, தயிர், நல்லெண்ணெய். பாதிச் சாமான் ரசத்துக்கு வாங்கியது மாதிரி இருக்கும். கோஷ்டம் மட்டும் இப்போது அருகிவிட்டது. காட்டில் விளைந்த வேரை நாடு விட்டு நாடு விற்பதற்கு உலக அளவில் தடை இருக்கிறது.

ரோமானியர்கள் போன இடமெல்லாம் ஊற்றைத் தேடினார்கள். இங்கிலாந்தின் பாத் நகரில் 46 டிகிரிச் சூட்டில் பொங்கும் ஊற்றைச் சுற்றி அவர்கள் கட்டிய குளியல் மாளிகையின் எச்சங்கள் இன்றும் நிற்கின்றன. அங்கே குளிக்கப் போனவர்களின் துணிமணி அடிக்கடி காணாமல் போயிருக்கிறது. திருடியவனுக்குச் சாபம் எழுதி ஊற்றுக்குள் போட்ட ஈயத் தகடுகள் நூற்றுக்கும் மேல் கிடைத்திருக்கின்றன. உடம்பு வலி தீரப் போன இடத்தில் மன வலியோடு திரும்பியவர்கள் அப்போதே உண்டு.

தமிழர்களுக்கும் வெந்நீர் ஊற்று இருக்கிறது, திருகோணமலைக் கன்னியாவில். ஏழு கிணறுகள். ஆனால் அங்கே தாய்க்கு ஈமக்கடன் செய்த இராவணன் கதையும் பிதிர்க் கடனும் முன்னால் நிற்கின்றன; மூட்டு வலி பின்னால்தான். கொங்கு நாட்டில் அப்படி ஒரு பெயர் பெற்ற ஊற்றும் கிடையாது. இங்கே சூடு என்றால் அடுப்பில் வைத்ததுதான். நொச்சித் தழையையும் வாதநாராயணன் தழையையும் கொதிக்கவைத்த தண்ணீர், துணியில் கட்டிய தவிடு, வறுத்த உப்பு, விளக்கெண்ணெயில் வதக்கிய எருக்கிலை. சித்த மருத்துவம் புற மருந்துகளை 32 வகையாகப் பிரித்தபோது ஒற்றடமும் வேதும் பொட்டணமும் தொக்கணமும் அதில் இடம் பிடித்தன. முழங்கால் தேய்மானத்தை அழல் கீல் வாயு என்கிறது அந்த மருத்துவம். ஆனால் இதெல்லாம் வீட்டுத் திண்ணையிலும் வைத்தியர் வாசலிலும் நடந்த காரியம். ஊர் விட்டு ஊர் போய்த் தங்கி, நாள் கணக்கில் பார்த்துக்கொள்ளும் தொழிலாக அது ஆவதற்குப் பல கை மாற வேண்டியிருந்தது.

அந்தத் தொழிலுக்குப் பெயர் கொடுத்தது பெல்ஜியத்தில் உள்ள ஸ்பா என்ற சிற்றூர். வேடிக்கை என்னவென்றால், அந்த ஊரின் புகழ் சூட்டால் வந்ததில்லை. இரும்புச் சத்துள்ள குளிர்ந்த நீரைக் குடிப்பதற்காகத்தான் ஐரோப்பா அங்கே போனது. 1717-இல் ருஷ்யாவின் மகா பீட்டரே போய்க் குடித்தார். அதற்கு முன்பே போலிகள் கிளம்பிவிட்டன. 1571 வாக்கில் யார்க்ஷயரில் வில்லியம் ஸ்லிங்ஸ்பி என்பவர் ஒரு கிணற்று நீரைக் குடித்துப் பார்த்து, ஸ்பாவில் குடித்த அதே ருசி என்றார். 1596-இல் அந்தக் கிணற்றுக்கு 'இங்கிலாந்தின் ஸ்பா' என்று பட்டம் கட்டியாயிற்று. ஒரு கடை ஓடினால் அதே பெயரில் எதிர்ச் சாரியில் இன்னொரு கடை திறப்பது நம் ஊர்க் கண்டுபிடிப்பு இல்லை.

போலிகளின் உச்சம் எப்சம். 1618-இல் லண்டனுக்குத் தெற்கே அந்த ஊரில் ஹென்றி விக்கர் என்ற விவசாயி, வறட்சி காலத்திலும் தன் மாடுகள் ஒரு குட்டைத் தண்ணீரைத் தொடாததைக் கவனித்தார் என்பது கதை. கசப்பு. குடித்த மனிதர்களுக்கு வயிறு கழிந்தது, கூட்டம் வந்தது. நெகமையா குரூ என்ற மருத்துவர் அந்த நீரிலிருந்து உப்பைப் பிரித்து, நூல் எழுதி, 1698-இல் காப்புரிமையும் வாங்கினார். ஆனால் மவுல்ட் சகோதரர்கள் என்ற மருந்து வியாபாரிகள் அவர் உப்பையும் காய்ச்சினார்கள். அவர் நூலையும் அவரைக் கேட்காமல் மொழிபெயர்த்து விற்றார்கள். அந்த உப்புதான் மெக்னீசியம் சல்பேட், நம் ஊர் பேதி உப்பு. இன்று கோவைப் பெரியவர்கள் வெந்நீரில் போட்டுக் காலை ஊறவைக்கும் எப்சம் உப்பும் அதுவே. சேலத்தில் வெள்ளைக்காரன் சுண்ணாம்புக் குன்று என்று நினைத்துப் பெயர் வைத்த மலையில் இருப்பது சுண்ணாம்பே இல்லை, மெக்னீசியம் கார்பனேட். அதில் கந்தக அமிலத்தை ஊற்றினால் எப்சம் உப்பு வந்துவிடும். கொங்கு நாட்டுக்கு வெந்நீர் ஊற்றைக் கொடுக்காத இயற்கை, உப்பின் மூலக்கல்லை மட்டும் மலை மலையாகக் கொட்டிவைத்திருக்கிறது. அந்த உப்பு தோல் வழியாகப் புகுந்து மூட்டைச் சரிசெய்கிறது என்பதற்கு வலுவான சான்று இல்லை. இதமாக இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் வெந்நீர்தான்.

இந்த நெடுங்கதையில் எனக்கு மிகப் பிடித்தவர் சேக் தீன் முகமது. 1759-இல் பாட்னாவில் பிறந்தவர். கம்பெனிப் படையில் சேர்ந்து, மேலதிகாரி ஒருவரோடு 1784-இல் அயர்லாந்து போனார். 1794-இல் தன் பயணங்களை ஆங்கிலத்தில் புத்தகமாக வெளியிட்டார். 1810-இல் லண்டனில் ஹிந்துஸ்தானி காபி ஹவுஸ் என்று இந்தியச் சாப்பாட்டுக் கடை திறந்தார். ஹூக்கா வைத்தார், மூங்கில் நாற்காலி போட்டார். இரண்டே வருடத்தில் திவால். கையில் காசில்லாமல் அவர் ஒதுங்கிய ஊர் பிரைட்டன்.

அந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததில் அதிர்ஷ்டம் இருந்தது. 1750-இல் ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற மருத்துவர் கடல்நீர் வைத்தியத்தைப் பற்றி எழுதிய நூலால் மீனவர் குப்பமாக இருந்த பிரைட்டன் பணக்காரர்களின் ஊராகிவிட்டது. பட்டத்து இளவரசரே அங்கு மாளிகை கட்டிக்கொண்டார். வந்தவர்களுக்கு மூட்டு வலி இருந்தது, நேரம் இருந்தது, பணமும் இருந்தது. முகமது அவர்களுக்கு நம் ஊர் சம்பியை, அதாவது உடம்பு பிடித்துவிடுவதைக் கொடுத்தார். மூலிகை ஆவி நிரம்பிய கம்பளிக் கூடாரத்துக்குள் நோயாளியை உட்காரவைப்பார். கூடாரத்தில் தைத்த கைகளின் வழியாக வெளியிலிருந்து தன் கையை நுழைத்து உடம்பைப் பிடித்துவிடுவார். நடக்க முடியாமல் வந்து நடந்து போனவர்கள் விட்டுச் சென்ற ஊன்றுகோல்களைச் சுவரில் வரிசையாக மாட்டிவைத்தார். எந்த விளம்பரப் பலகையும் அதற்கு ஈடாகாது. 1822-இல் தன் சிகிச்சையைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். நான்காம் ஜார்ஜுக்கும் அடுத்து வந்த நான்காம் வில்லியமுக்கும் அவரே அரச சம்பி வைத்தியர். வழக்கம்போலப் போட்டிக்காரர்கள் முளைத்தார்கள். சோற்றுக் கடையில் தோற்ற இந்தியர், நம் வீட்டுப் பெரியவர்கள் காசு வாங்காமல் செய்துவிடும் வேலையை வைத்து ஜெயித்தார்.

அதே காலத்தில், ஆஸ்திரியப் பேரரசின் மலைக் கிராமமான கிராஃபன்பெர்க்கில் வின்சென்ட் பிரீஸ்னிட்ஸ் என்ற விவசாயி மகன் வண்டியில் அடிபட்டு விலா எலும்புகளை முறித்துக்கொண்டான். வைத்தியர் கைவிட்டார். அவன் ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டே பிழைத்தான். பிறகு ஊரார் அவனைத் தேடி வந்தார்கள். கடைசியில் பிரபுக்கள் வந்தார்கள். அவன் பயன்படுத்திய குளியல் பஞ்சில் ஏதோ மந்திரம் இருக்கிறது என்றுகூடச் சந்தேகித்தார்கள். அவன் வழி முற்றிலும் குளிர்ந்த நீர். பவேரியாவின் பாதிரியார் செபாஸ்டியன் கினைப், தன் காச நோய்க்கு டான்யூப் நதியின் குளிரில் முங்கி எழுந்து, 1886-இல் நீர் வைத்திய நூல் எழுதினார். லைப்சிக்கில் தச்சுப் பட்டறை நடத்திய லூயி குனே 1883-இல் தன் நிலையத்தைத் திறந்து, இடுப்புக் குளியலும் நீராவிக் குளியலும்தான் எல்லா நோய்க்கும் மருந்து என்றார். எல்லா நோய்க்கும் என்று யார் சொன்னாலும் நான் கொஞ்சம் தள்ளி உட்காருவேன். ஆனால் குனேயின் புத்தகம் தள்ளி உட்காரவில்லை. கப்பலேறி வந்து 1894-இலேயே தெலுங்கு பேசிவிட்டது.

குனேயைப் படித்தவர்களில் ஒருவர் காந்தி. 1902-இல் பம்பாயில் மகன் மணிலாலுக்கு டைபாய்டு வந்தபோது, டாக்டர் சொன்ன முட்டையையும் கோழிச் சாற்றையும் மறுத்து, குனேயின் இடுப்புக் குளியலையும் ஈரத்துணிப் போர்வையையும் நம்பி உட்கார்ந்தார். பையன் பிழைத்தான், அப்பா இயற்கை வைத்தியத்தை விடவே இல்லை. 1946-இல் புனேக்கு அருகே உருளிகாஞ்சனில் அவர் தொடங்கிய ஆசிரமம் இன்றும் நடக்கிறது. 2000-இல் சென்னை அரும்பாக்கத்தில் அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரி வந்தது. அங்கே மண்பட்டி போடும் மாணவர்கள், ஒரு ஜெர்மன் தச்சரின் பேரப்பிள்ளைகள் என்று சொன்னால் தப்பில்லை.

கணவாயின் மறுபக்கத்தில் நடந்தது வேறு கதை. கோட்டக்கல்லைச் சேர்ந்த இளம் வைத்தியர் பி.எஸ். வாரியருக்குக் கண் நோய் வந்தது. குணப்படுத்தியது வர்கீஸ் என்ற அலோபதி மருத்துவர். வாரியர் அவரிடமே இங்கிலீஷ் வைத்தியமும் படித்தார். அங்கே பார்த்த மருந்துக் குப்பிகள் அவரை யோசிக்கவைத்தன. அதுவரை வைத்தியர் சீட்டு எழுதுவார், நோயாளி வீட்டில் இடித்துக் காய்ச்ச வேண்டும். 1902-இல் அவர் தொடங்கிய ஆர்ய வைத்திய சாலை, கஷாயத்தையும் தைலத்தையும் தயார் நிலையில் விற்றது. எதிராளியிடம் படித்த வித்தையை ஆயுர்வேதம் தனக்காகப் பயன்படுத்திக்கொண்டது. மலபாரும் கோவையும் அப்போது ஒரே சென்னை மாகாணம். போத்தனூர் வழியாக 1860-களிலேயே ரயில் ஓடியது. கணவாய் வழியாக முன்பு காசு வந்ததுபோல, இப்போது தைலம் வந்தது. 1943-இல் பி.வி. ராம வாரியர் கோவையிலேயே ஆர்ய வைத்திய பார்மசியை நிறுவினார். மில் சங்கு ஊதிக்கொண்டிருந்த ஊரில், இராமநாதபுரத்துச் சிகிச்சாலயத்தில் பிழிச்சலும் ஞவரக்கிழியும் ஊர்ப் பேச்சாயின. பாலிலும் குறுந்தொட்டிக் கஷாயத்திலும் வெந்த அறுபதாங்கொட்டை அரிசியை மூட்டை கட்டி முழங்காலில் தேய்ப்பதைக் கொங்குக்காரர்கள் முதலில் சந்தேகமாகத்தான் பார்த்திருப்பார்கள். சோறு என்றால் சாப்பிடுவது இல்லையா!

நாம் தொடக்கத்தில் பார்த்த உளுந்து வரப்புக்கும் ஒரு ரகசியம் உண்டு. தலையில் தோல் தொப்பி கட்டி, உளுந்து மாவால் அடைத்து, எண்ணெய் நிறுத்தும் சிரோவஸ்தி அஷ்டாங்க ஹிருதயத்தில் இருக்கிறது. முழங்காலுக்கான வடிவம் அந்தப் பழைய நூல்களில் இந்தப் பெயரில் இல்லை. தலைக்குச் செய்ததை இடுப்புக்கும் முழங்காலுக்கும் இறக்கியது பிற்கால வைத்தியர்களின் கைவேலை. பழமை என்று நாம் கும்பிடுவதில் பாதி, யாரோ ஒருவர் பழையதைப் பார்த்துப் புதிதாகச் செய்தது.

சரி, வலி குறைகிறதா? பிரான்ஸில் இதைக் கொஞ்சம் கறாராகப் பார்த்தார்கள். அங்கே ஆல்ப்ஸ் மலையடியில் எக்ஸ்-லே-பேன் என்ற ஊர். 1883-இல் படியில் விழுந்து முழங்காலைக் கெடுத்துக்கொண்ட விக்டோரியா மகாராணி, 1885-இல் அந்த ஊருக்குப் போய்த் தங்கினார். பின்னால் அரசுக் காப்பீடே வெந்நீர் வைத்தியத்துக்குப் பணம் தரத் தொடங்கியது. அரசு கொடுக்கிற காசு வீணாகிறதா என்ற கேள்வி எழுந்தது. அந்த ஊர் உட்பட மூன்று ஊர்களில், முழங்கால் தேய்மானம் உள்ள 462 பேரைச் சீட்டுக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் வீட்டுப் பயிற்சி. ஒரு பாதிக்கு மட்டும் கூடுதலாக 18 நாள் வெந்நீர்ப் பீய்ச்சல், சுடுசேறு, நீருக்குள் மசாஜ், குளத்தில் அசைவுப் பயிற்சி. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், ஊற்றுக்குப் போனவர்களில் 50.8 சதவீதம் பேருக்குக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம். பயிற்சி மட்டும் செய்தவர்களில் 36.4 சதவீதம். 2010-இல் முடிவு வெளியானது. தான் ஊற்றுக்குப் போனது போனவருக்குத் தெரியும்தானே, அந்தச் சந்தோஷமும் கணக்கில் சேர்ந்திருக்கும் என்ற ஆட்சேபம் நியாயமானது.

கோவையும் சோதனைக்குப் பயப்படவில்லை. அமெரிக்க அரசு நிதியுதவியோடு, கலிபோர்னியா மருத்துவர் டேனியல் ஃபர்ஸ்ட் தலைமையில் ஆயுர்வேதத்தையும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையையும் 43 நோயாளிகளிடம் 36 வாரம் ஒப்பிட்டார்கள். எந்த மருந்து யாருக்கு என்பது நோயாளிக்கும் தெரியாது, பரிசோதிப்பவருக்கும் தெரியாது. 2011-இல் வந்த முடிவில் இரண்டும் ஏறக்குறைய ஒரே தட்டில் நின்றன. ஆனால் அது முடக்குவாதத்துக்கான சிறு முன்னோட்ட ஆய்வு. விழுங்கும் மருந்தைப் பற்றியது. வயதானால் வரும் முழங்கால் தேய்மானத்துக்கும் உளுந்து வரப்புக்கும் அதைச் சாட்சிக்குக் கூப்பிடுகிற விளம்பரங்களை நம்ப வேண்டியதில்லை.

தேய்ந்த குருத்தெலும்பைத் தைலமும் வளர்க்காது, ஊற்று நீரும் வளர்க்காது. சூடு, இறுகிய தசையைத் தளர்த்துகிறது. வலி உணர்வைக் கொஞ்ச நேரம் மட்டுப்படுத்துகிறது. தண்ணீர் எடையைத் தாங்கிக்கொள்கிறது: இடுப்பளவு நீரில் நின்றால் காலில் இறங்கும் பாரம் ஏறக்குறையப் பாதியாகிறது, கழுத்தளவு நீரில் பத்தில் ஒரு பங்குக்கு வந்துவிடுகிறது. தரையில் நடக்கப் பயப்படுபவர் தண்ணீரில் தைரியமாக நடப்பார். கொங்கு நாட்டில் படி இறங்கிக் குளிக்கிற கிணறுகள் ஏராளமாக இருந்தன. நீச்சலடித்த அப்பிச்சிகளும் இருந்தார்கள். போர் குழாய் வந்து கிணறு வற்றியதில் நீர் வைத்தியசாலை ஒன்றும் மூடப்பட்டது என்று யாரும் கணக்கெழுதவில்லை. மீதி விஷயம் ஓய்வும், நம் காலை இன்னொருவர் பொறுமையாகக் கையில் எடுத்துப் பார்ப்பதும்.

கிராமத்தில் இடிக்கிற இடம் நாள் கணக்குதான். பிரான்ஸில் 18 நாள், இங்கே 14 அல்லது 21 நாள், அதற்குப் பிறகு பத்தியம் வேறு. "மூணு வாரம் போயிப் படுத்துக்கிட்டா பண்டம்பாடிய ஆருங்க பாக்கறது?" என்று அமுச்சி கேட்டால் எந்த வைத்தியரிடமும் பதில் இல்லை. அவருக்கு அந்தப் பிரெஞ்சு ஆய்வின் இன்னொரு பாதியைத்தான் சொல்ல வேண்டும். ஊர் தாண்டாமல், தைலம் தொடாமல், வீட்டில் பயிற்சி மட்டும் செய்தவர்களிலும் மூன்றில் ஒருவருக்கு மேல் தேறியிருக்கிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, தொடைச் சதையை இறுக்கி, ஐந்து எண்ணும் வரை பிடித்துவிட்டு இறக்க வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் பத்துத் தடவை. சொசைட்டியில் பால் ஊற்ற வரிசையில் உட்கார்ந்திருக்கும்போதே செய்து முடித்துவிடலாம்.